கோபுரத்தைப் பார்த்து எரிந்த சிவப்பு விளக்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய தலைப்புக்குக் காரணம் ஓர் அம்மையார் என்னிடம் கேட்ட கேள்வி. அவர் குடியிருக்கும் தாமானில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று எழுந்தது. இணையத்தில் சிறிய அளவுகருவி ஒன்றை வாங்கி, சன்னலோரம் நீட்டிப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் இருக்கலாமா, விற்றுவிட்டுப் போகலாமா?" என்று கேட்டார். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. இதற்கு மேலோட்டமாகப் பதில் சொல்லக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத வானொலி அலையை எப்படி அளப்பது? நம்பகமான பழைய வழி, அதை வெப்பமாக்கிப் பார்ப்பது. தெர்மிஸ்டர் என்பது சூடேறினால் மின்தடை குறையும் ஒரு சிறு மணி. நேர்மின்னோட்டம் கொடுத்து அதை ஒரே சூட்டில் வைத்திருப்பார்கள். அலை வந்து சூடேற்றும்போது, சூடு மாறாதபடி கருவி அந்த மின்திறனைக் குறைக்கும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுதான் அலையின் திறன். அலை தொடர்ந்து வந்தாலும் விட்டுவிட்டு வந்தாலும் சராசரி சரியாகவே கிடைக்கும். ஆனால் இது மெதுவானது. மிக மெல்லிய அலை இதற்குத் தென்படாது.

அதற்குத்தான் டையோடு உணரி. அலையை அப்படியே நேர்மின்னழுத்தமாக மாற்றிவிடும். ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கைக்கூடக் கண்டுகொள்ளும். விலையும் மலிவு, வீட்டுக் கருவிகளில் இருப்பது இதுதான். குறை என்னவென்றால், ஏறத்தாழ 10 மைக்ரோவாட்டுக்கு மேல் போனால் அதன் கணக்கு மாறத் தொடங்கும். துடிப்புத் துடிப்பாக வரும் அலைக்குச் சராசரி தவறாக விழும். ஆய்வுக்கூடக் கருவிகளில் இதற்குத் திருத்தம் உண்டு. மலிவுக் கருவியில் அதை எதிர்பார்க்க முடியாது.

துடிப்பு என்றேன். 900 மெகாஹெர்ட்சில் இயங்கும் 2ஜி கைத்தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் 2 வாட் அனுப்பும். ஆனால் எட்டு நேரக் கூறுகளில் ஒன்றில் மட்டுமே அனுப்பும். ஆகச் சராசரி கால் வாட். உச்சத்தைக் காட்டும் கருவி 2 என்னும். சராசரியைக் காட்டுவது 0.25 என்னும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் பாதுகாப்பு வரம்பு சராசரியில் எழுதப்பட்டது. இக்நிர்ப் எனும் அனைத்துலக ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியில், முழு உடலுக்கு 30 நிமிடச் சராசரி. பொதுமக்களுக்கான வரம்பு, 900 மெகாஹெர்ட்சில் சதுர மீட்டருக்கு 4.5 வாட்; 2,000 மெகாஹெர்ட்சுக்கு மேல் 10 வாட். நம் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தரநிலையும் இக்நிர்ப் வரம்புகளையே ஒட்டியது.

இப்போது அந்தச் சிவப்பு விளக்குக்கு வருவோம். 4.5 வாட் என்பது 4.5 மில்லியன் மைக்ரோவாட். விளக்கு எந்த அளவில் எரிய வேண்டும் என்று முடிவு செய்தவர் கருவியைச் செய்தவர். அதைச் சில ஆயிரம் மைக்ரோவாட்டில் வைத்திருந்தால், கால் வாட் வெளியிடும் கைத்தொலைபேசியே போதும். அது எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்புவதாகக் கொண்டால், ஒரு மீட்டர் தூரத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20,000 மைக்ரோவாட் வரும். அளக்கும்போது உங்கள் கைத்தொலைபேசி எங்கே இருந்தது என்று அம்மையாரிடம் கேட்டேன். தோளில் மாட்டியிருந்த பையிலாம்!

அதற்காக அவர் பயம் அர்த்தமற்றது என்று நான் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2011இல் இவ்வகை அலைகளைப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. வரம்புகளோ நிரூபணமான வெப்ப விளைவை வைத்து வகுக்கப்பட்டவை. அளவுகருவி திறனைச் சொல்லும். நோய் வருமா என்று சொல்லாது.

அம்மையாருக்கு நான் சொன்னது இதுதான். கைத்தொலைபேசியையும் வைஃபையையும் அடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கருவியைத் திருப்பத் திருப்ப எண் மாறினால், அதில் ஒரே திசை உணரிதான் இருக்கிறது. முறையான அளவீட்டுக்கு ஆணையத்திடம் எழுதிக் கேளுங்கள். மூன்று திசை உணரியா, எத்தனை நிமிடச் சராசரி, கருவி கடைசியாக எப்போது தரப்படுத்தப்பட்டது என்பவை அறிக்கையில் இருக்கட்டும். கோபுரத்தின் அடியில் மட்டும் அளந்துவிட்டுப் போக விடாதீர்கள். அலை பெரும்பாலும் பக்கவாட்டில்தான் போகும். அடியில் குறைவாகவும், எதிரே அதே உயரத்தில் உள்ள மாடியில் கூடுதலாகவும் இருக்கும். பிள்ளைகள் தூங்கும் மாடி அறையில் அளக்கச் சொல்லுங்கள்.