நிறம் பிரித்த சுண்ணத்தூள்

இலையின் பச்சை ஒரே பொருளன்று. பல நிறப்பொருள்கள் கலந்து நிற்பதே அது. அவற்றைச் சிதைக்காமல் தனித்தனியே பிரிப்பது எங்ஙனம்? காய்ச்சினால் கெட்டுவிடும், கடிய அமிலங்களைச் சேர்த்தால் உருமாறிவிடும். உயிர்ப்பொருள்களை ஆராய்ந்தோர்க்கு நெடுங்காலம் இருந்த இடர் இதுவே.

இதற்கு வழி கண்டவர் மிகயீல் சுவெட் என்னும் உருசியத் தாவரநூல் அறிஞர் ஆவார். வார்சா நகரில் பணியாற்றிய அவர், ஒடுங்கிய கண்ணாடிக் குழாயொன்றில் சுண்ணக்கட்டித் தூளை இறுக அடைத்தார். இலைச் சாற்றைப் பெட்ரோலிய ஈதரில் கரைத்து, அதனை மேலிருந்து ஊற்றினார். பின்னர்த் தூய திரவத்தை இடைவிடாது பெய்தார். கரைசல் இறங்க இறங்க, வெண்மையான தூளில் மஞ்சளும் பசுமையும் நீலப்பசுமையும் வளையம் வளையமாகப் பிரிந்து நின்றன. காரட்டுக் கிழங்கிற்கு நிறந்தரும் கரோட்டின் மட்டும் தூளில் தங்காது முதலில் வெளியேறிற்று.

இவ்வாறு பிரிவானேன்? திருவிழாக் கடைவீதியில் பலர் ஒன்றாகப் புகுகின்றனர் என்று கொள்வோம். கடைதோறும் நிற்பவன் பிந்துவான். எங்கும் நில்லாதவன் முந்துவான். அவ்வாறே, தூளில் மிகுதியாக ஒட்டும் பொருள் மெல்ல நகர்கின்றது. ஒட்டாத பொருள் திரவத்தோடு விரைந்து செல்கின்றது.

சுவெட் 1906-ஆம் ஆண்டில் இம்முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். 'நிற எழுத்து' என்பது அக்கிரேக்கச் சொற்களின் பொருள். சுவெட் என்னும் உருசியச் சொல்லுக்கும் நிறம் என்றே பொருள் என்பது வியப்பன்றோ! ஆயினும் இரசாயன அறிஞர் பலர் அம்முறையைப் பொருட்படுத்தவில்லை. 1919-இல் அவர் மறைந்தார். 1931-இல் செருமனியின் ஐடல்பெர்க்கு நகரில் அம்முறை மீண்டும் உயிர்பெற்றது. அதனைப் புதிய வழியில் வளர்த்த மார்ட்டின், சிஞ்சு என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1952-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

நிறமற்ற பொருள்களையும் இன்று இவ்வாறு பிரிக்கலாம். குழாயிலிருந்து அவை வெளிவருவதைப் புறஊதா ஒளி காட்டிக்கொடுக்கும். நீரிழிவு நோயாளர்க்குரிய இன்சுலின் இதற்குச் சான்றாகும். பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்ட இன்சுலினில் வேறு புரதங்களும் கலந்திருந்தன. அவற்றால் சிலர்க்கு ஒவ்வாமை உண்டாயிற்று. ஊசியிட்ட இடத்தில் தசை குழிந்தது. நுண்துளைகள் நிறைந்த கூழ்மணிகளை அடைத்த குழாயில் அக்கலவையைச் செலுத்தினர். பெரிய மூலக்கூறுகள் துளைகளில் நுழைய இயலாமல், மணிகளின் இடைவெளி வழியே முதலில் வெளியேறின. சிறியதாகிய இன்சுலின் துளைதோறும் புகுந்து, தாமதித்துத் தனியே வந்தது. 1970-ஆம் ஆண்டுகளில் இவ்வகை முறைகளால் தூய்மையாக்கிய இன்சுலின் வழக்கிற்கு வந்தபின், அத்தொல்லைகள் பெரிதும் குறைந்தன.