நோன்பு வைக்க முடியாதவருக்கு மார்க்கம் என்ன சொல்கிறது?

ரமலான் நெருங்குகிறது. உங்களுக்குச் சர்க்கரை நோய். அல்லது நீங்கள் ஏழு மாதக் கர்ப்பிணி. நோன்பை விட்டால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வது என்று மனம் பதைக்கிறதா? அந்தப் பதிலை அவனே தந்துவிட்டான். குர்ஆன் நோன்பைக் கடமையாக்கும் இடத்திலேயே (2ஆம் அத்தியாயம், 184, 185ஆம் வசனங்கள்) நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு இருக்கிறது. உங்களைச் சிரமப்படுத்துவது இறைவனின் நாட்டம் அல்ல என்பதும் அங்கேயே இருக்கிறது.

"சிரமப்பட்டு வைத்தால் நன்மை கூடுமல்லவா?" வீட்டுப் பெரியவர்கள் விடாமல் கேட்பது இதைத்தான். ஒரு பயணத்தில் துவண்டுபோன ஒருவரைச் சுற்றி மக்கள் கூடி நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நோன்பாளி என்று தெரிந்ததும், பயணத்தில் இப்படி நோன்பு வைப்பது நற்செயலில் சேராது என்ற கருத்தில் நபிகள் நாயகம் சொன்னார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி இது.

சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் நோன்பை விட வேண்டுமா? இல்லை. சிலருக்கு மருந்தின் வேளையையும் அளவையும் மாற்றினால் போதும். ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். விரலில் குத்தி ரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. இன்சுலின் ஊசியாலும் முறியாது என்பதே இன்றைய ஆலிம்களில் (மார்க்க அறிஞர்களில்) பெரும்பாலோரின் தீர்ப்பு. உணவுக்குப் பதிலாக ஏற்றும் குளுக்கோஸ் வேறு; அது நோன்பை முறிக்கும். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ, இஃப்தாருக்கு (நோன்பு திறப்பதற்கு) பத்து நிமிடமே இருந்தாலும், நோன்பை முறித்துவிடுங்கள். தயங்கவே தயங்காதீர்கள்.

விட்ட நோன்புகளை என்ன செய்வது? குணமானபின் களாச் செய்யுங்கள் (விட்ட நாட்களை எண்ணிப் பிறகு வைப்பது). தொடர்ந்தாற்போல் வைக்க வேண்டியதில்லை. பகல் குறைந்த மார்கழியில் வாரம் ஒன்றாகக்கூட வைக்கலாம். குணமாக வழியில்லாத நோயாளியும் தள்ளாத முதியவரும் ஃபித்யா (ஒரு நோன்புக்கு ஓர் ஏழையின் உணவு) கொடுத்தால் போதும். குழந்தையை எண்ணிப் பயந்து நோன்பை விடும் தாய்க்கு ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) களாவோடு ஃபித்யாவும் உண்டு. ஹனஃபியில் களா மட்டுமே. உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பகலில் ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்தால்? காரணம் கேட்காதீர்கள். நபியுடன் பயணம் போனபோது நோன்பு வைத்தவரும் வைக்காதவரும் ஒருவரையொருவர் குறை சொன்னதில்லை என்று நபித்தோழர் அனஸ் சொல்லியிருக்கிறார். மாதவிலக்கு நாட்களில் நோன்பு வைக்கக் கூடாது என்பதே சட்டம். இருந்தும் எத்தனை வீடுகளில் பெண்கள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார்கள்! மார்க்கம் மன்னித்ததை வீடு மன்னிக்காமல் இருப்பது எனக்குப் பெரிய வேதனை. இந்த ரமலானில் சஹருக்கு (நோன்புக்கு முந்தைய அதிகாலை உணவுக்கு) சமைக்கும்போதே அவர்களுக்கும் மதியச் சோறு எடுத்து வையுங்கள்.