தூக்கம்... சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில்!

ராத்திரி மூன்று மணிக்கு எங்கள் தெருவில் விழித்திருப்பவர்கள் மூன்று பேர். ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன், டீக்கடை பெஞ்சுக்கடியில் இருக்கும் கறுப்பு நாய், மூன்றாவதாக அடியேன். மற்ற இருவரும் அவ்வப்போது கண்ணயர்வதை ஜன்னல் வழியாக நானே பார்த்திருக்கிறேன். ஆக, தெருவுக்கு உண்மையான காவல் நான்தான். சம்பளம்தான் கிடையாது.

என்ன காரணம் என்கிறீர்களா? பி.காம். படித்ததுதான்! பகலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறேன். மிச்ச நேரத்தில் இந்த மாதிரி எழுத்து. உங்களுக்கெல்லாம் மாதத்தில் 1-ம் தேதி முக்கியம். எனக்கு 11-ம் 20-ம். விற்பனைக் கணக்கு 11-க்குள் ஏற வேண்டும். வரியோடு சேர்ந்த ரிட்டர்ன் 20-க்குள். தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு 18 சதவிகித வட்டி.

ஒரு மாதம், ஒரு பெயின்ட் கடைக்காரர் கணக்கில் தேதியைக் கோட்டை விட்டேன். முதலாளி திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாத்துக்கப்பா" என்றார். அவ்வளவுதான். நன்றாகத் திட்டியிருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். இந்த 'பாத்துக்கப்பா' இருக்கிறதே, அது என்கூடவே வீட்டுக்கு வந்து, தலையணைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

மூன்று மணிக்கு 'டக்'கென்று முழிப்பு வரும். 18,000-ஐ 1,80,000 என்று போட்டோமா? உடனே செல்போனை எடுத்துப் பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். சரியாக இருக்கிறதே என்று நிம்மதியா வரும்? 'அப்போ வேற எதுல தப்பு?' என்று அடுத்த கவலை வரும்.

"தூக்கம் வரலை" என்று வெளியில் சொல்லிப் பாருங்கள் ஸார். நம் ஊரில் அத்தனை பேரும் டாக்டர்! மாமியார் ஜாதிக்காய்ப் பால் என்றார். எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார், "நூறிலிருந்து தலைகீழா எண்ணுங்க" என்றார். எண்ணினேன். கணக்குப் பிள்ளை புத்தி, பாதியில் ஒரு நம்பர் விட்டுப் போச்சோ என்று சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து! நண்பன் ஒருவன், "அரை மாத்திரைதாண்டா, கொசு மாதிரி இருக்கும்" என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். அதை மட்டும் சகதர்மிணி பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டாள்.

இப்படியே நாலு மாதம் ஓடியது. சிரித்துக்கொண்டே எழுதுகிறேனே தவிர, அந்த நாலு மாதமும் நான் வீட்டில் மனுஷனாக இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் காலை, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். வடபழனி சிக்னலில் சிவப்பு. நின்றேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, பின்னால் பஸ் ஹாரன்.

"அப்பா, தூங்கிட்டியா?"

"இல்லம்மா, யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

மூன்றாம் வகுப்பு படிக்கிற பெண்ணின் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சிக்னலில் நிற்கும்போது வந்த தூக்கம், ஓடும்போது வந்திருந்தால்? அன்றைக்கே ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு மனநல மருத்துவரிடம் போனேன். வெயிட்டிங் ஹாலில் தெரிந்தவர் யாராவது இருந்துவிடப் போகிறார்களே என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரரும் அதே பேப்பரை, அதே மாதிரி!

டாக்டரம்மாவுக்கு வயது என்னைவிடக் குறைவு. குறட்டை உண்டா, தைராய்டு உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எல்லாம் கேட்டார். பிறகு சொன்னார். "வாரத்துல மூணு நாளாவது தூக்கம் கெட்டு, அது மூணு மாசத்துக்கு மேல போனா, அதை நாங்க சாதாரணமா விடறதில்ல ஸார். ஆனா எடுத்த உடனே மாத்திரையும் கிடையாது. முதல்ல பழக்கத்தை மாத்தணும்."

அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-லேயே இதைத்தான் சொல்லிவிட்டதாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் வைத்தியம், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சி. மாத்திரை அதற்கப்புறம்தான், அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்தால். நண்பன் மடித்துக் கொடுக்கிற ரகத்தில் சில, உடம்புக்குப் பழகிவிட்டால் விடுவது பெரும் பாடு.

சட்டதிட்டங்கள் இவை: படுக்கை தூங்க மட்டும். அதில் லேப்டாப், செல்போன், கணக்கு எதுவும் கூடாது. இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் உட்கார வேண்டும். கண்ணைச் சுழற்றும்போதுதான் திரும்பப் படுக்க வேண்டும். கடிகாரம் பார்க்கக் கூடாது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை உள்பட. இந்த வழியை ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-லேயே எழுதியிருக்கிறார். படுக்கையைக் கண்டாலே கவலைப்படு என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டது. அதை மறக்க வைக்க வேண்டும், அதுதான் சூட்சுமம்.

"காபி?" என்றார்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டம்ளர்... சின்ன டம்ளர்தான்."

"அதுல இருக்கற காஃபின்ல பாதி, பதினோரு மணிக்கும் உங்க உடம்புல முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும் ஸார்." ஃபில்டர் காபி மத்தியானத்தோடு போயிற்று.

இன்னொன்றும் சொன்னார். முதல் சில வாரம் பகலில் அசதி கூடும். "அதுவரைக்கும் வண்டிச் சாவி மேடம்கிட்ட இருக்கட்டும்." மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, கவலைக்கு ஆபீஸ் டயம் வைத்ததுதான். தினம் சாயங்காலம் ஏழு மணிக்குக் கால் மணி நேரம். ஒரு நோட்டில் இடது பக்கம் கவலை, வலது பக்கம் அதற்கு நாளை என்ன செய்யப் போகிறேன் என்பது. பற்று, வரவு! பி.காம். முதல் தடவையாகக் குடும்பத்துக்கு உபயோகப்பட்டது. சில கவலைகளுக்கு வலது பக்கம் எழுத ஒன்றுமே இருக்காது. கணக்கு டேலி ஆகாவிட்டால் நாங்கள் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்போம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அதேபோல அவற்றையும் 'சஸ்பென்ஸ்' என்று எழுதி நோட்டை மூடிவிடுவேன். டெக்ஸாஸில் இருக்கிற பேலர் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதற்குத் தோது. படுக்கப் போகுமுன் ஐந்து நிமிஷம், செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்களாம்.

எழுதிப் பார்த்ததில் ஒரு உண்மை தெரிந்தது. பாதிக் கவலைக்கு வலது பக்கத்தில் ஒரே பதில்தான்: 'முதலாளியிடம் பேச வேண்டும்.' ஒரு வாரம் ஒத்திகை பார்த்துப் போய்ச் சொன்னேன். பில்களைக் கடைசி நாளில் அனுப்பும் கடைக்காரர்களுக்கு இனி 15-ம் தேதிதான் கெடு. என் ரிட்டர்னை இன்னொருவர் ஒருமுறை பார்த்த பிறகே தாக்கல். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். 'போச்சுடா' என்று நினைத்தேன். "இதை ஏன்ப்பா இத்தனை நாள் சொல்லலை?" என்றார்.

இப்போது எப்படி? 19-ம் தேதி ராத்திரி இன்னும் புரள்கிறேன். மற்ற நாட்களில் பெரும்பாலும் தூங்குகிறேன். டாக்டரிடம் போகத் தயக்கமாக இருப்பவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். பேப்பரால் முகத்தை மறைக்க வேண்டியதில்லை!

போன வாரம் டாக்டரம்மா, வண்டி ஓட்டலாம் என்று அனுமதி கொடுத்தார். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு நோட்டைத் திறந்தால், புதுப் பக்கத்தில் பென்சிலில் கோணல்மாணலாக ஒரு பதிவு.

இடது பக்கம்: 'அப்பா வண்டில தூங்கறது.'

வலது பக்கம்: 'நான் பின்னாடி பேசிக்கிட்டே வரணும்.'

அன்றைக்கு ராத்திரியும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால், அதற்கு ஜி.எஸ்.டி. காரணமில்லை.