டாக்குரியா பாலமும் ஒரு கிலோ சக்கர எடையும்

தென் கொல்கத்தாவில் ரயில் பாதைக்கு மேலே செல்லும் டாக்குரியா பாலம் கரியாஹாட்டையும் ஜாதவ்பூரையும் இணைக்கிறது. பாலத்தின் இணைப்பு மூட்டுகள், கரியாஹாட்டில் சாலையோடு பதிந்த டிராம் தண்டவாளங்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைநீருக்கடியில் மறையும் குழிகள் ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் கடக்கும் காரின் சக்கரம், பந்தயத் தடத்தில் நேராத அடிகளைத் தாங்க வேண்டியிருக்கிறது. வேக ஆர்வலர்கள் விரும்பும் எடை குறைந்த சக்கரத்தை இத்தகைய சாலைக்கு எவ்வாறு தேர்வது என்பதற்கு இயற்பியலே விடை தருகிறது.

காரின் இருக்கையும் கதவும் முன்னோக்கி நகர்கின்றன; சக்கரமோ நகர்ந்தபடியே சுழலவும் செய்வதால், அதை வேகப்படுத்த எஞ்சின் நகர்த்துவது, சுழற்றுவது என இரண்டு வேலைகளைச் செய்கிறது. சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் இப்பண்பை இயற்பியல் நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. எடை அச்சிலிருந்து விலக விலக, அது தொலைவின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஹூண்டாய் ஐ20 என் லைன் காரில் உள்ள 195/55 ஆர்16 டயரை எடுத்துக்கொண்டால், சாலையைத் தொடும் பரப்பில் உள்ள 1 கிலோ, காரை முடுக்கும்போது ஏறத்தாழ 2 கிலோவாகவும், உலோக விளிம்பில் உள்ள 1 கிலோ சுமார் 1.4 கிலோவாகவும் கணக்காகிறது. சக்கரத்தில் குறையும் 1 கிலோ காரில் நான்கைந்து கிலோவுக்குச் சமம் என்ற பரவலான நம்பிக்கைக்கு இக்கணக்கில் இடமில்லை. எடை குறைந்த டயரே எடை குறைந்த அலாய் (அலுமினியக் கலவை) சக்கரத்தைவிட ஒரு கிலோவுக்கு அதிகப் பலன் தரும் என்பதே இதிலிருந்து தெரிகிறது.

இரண்டாவது பலன் சவாரியில் கிடைக்கிறது. ஸ்பிரிங்கின் மேல் அமராமல் அதற்குக் கீழே இருக்கும் சக்கரம், டயர், பிரேக் ஆகியவற்றின் எடை குறைந்தால், தண்டவாள விளிம்பில் எகிறும் சக்கரத்தை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் விரைவில் சாலைக்குத் திருப்ப முடிகிறது. டயர் தரையைத் தொட்டிருக்கும் நேரமே பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பயன்படும் நேரம்.

தோற்றத்துக்காகச் சக்கரத்தைப் பெரிதாக்கும்போது இப்பலன் கைநழுவுகிறது. 195/55 ஆர்16 என்பதில் 195 டயரின் அகலம் மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 16 என்பது சக்கர விட்டம் அங்குலத்தில். இதன் பக்கச்சுவர் சுமார் 107 மி.மீ. இருக்க, 205/45 ஆர்17 டயரில் அது 92 மி.மீ. ஆகிறது. மொத்த விட்டம் ஏறத்தாழ மாறாதபோதும், குழியின் அடியை வாங்கும் ரப்பரும் காற்றும் 15 மி.மீ. குறைந்து, கனமான உலோகம் அச்சிலிருந்து மேலும் விலகிவிடுகிறது. 15 அங்குலச் சக்கரத்தில் 195/60 டயர் பொருத்தினால் பக்கச்சுவர் 117 மி.மீ. ஆக உயரும், ஆனால் பிரேக் அதற்குள் அடங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அலாய் என்றாலே இலேசு என்பதும் சரியன்று. அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எனினும், உலோகத்தை உருக்கி வார்ப்படத்தில் ஊற்றும் வார்ப்புச் சக்கரத்தில் வலிமைக்காகத் தடிப்பைக் கூட்ட வேண்டியிருப்பதால், சில சமயம் அது எஃகுச் சக்கரத்துக்கு இணையாகக் கனக்கிறது. வார்த்தபின் விளிம்பைச் சூடாக்கிச் சுழற்றி உருளைகளால் நீட்டும் ஃப்ளோ ஃபார்மிங் முறையும், உலோகக் கட்டியைப் பேரழுத்தத்தில் நசுக்கி உருவாக்கும் ஃபோர்ஜிங் முறையும் மெல்லிய, உறுதியான விளிம்பைத் தருகின்றன. விலையும் அதே வரிசையில் ஏறுகிறது. கடும் அடியில் வார்ப்பு விரிசல் விட நேரும்போது, ஃபோர்ஜிங் சக்கரம் பெரும்பாலும் வளைந்து தாங்குகிறது.

மழைநீரில் தேய்ந்த டயர் மிதந்து பிடிப்பிழக்கும் வேகம் முதன்மையாகக் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. நாசா ஆய்வில் பிறந்த சூத்திரப்படி, 32 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள தேய்ந்த டயருக்கு அது மணிக்குச் சுமார் 94 கி.மீ. டாக்குரியாவின் நெரிசலில் எட்டாத அந்த வேகம், கிழக்கே உள்ள ஈஎம் பைபாஸில் எட்டக்கூடியதே. எனவே நீரை வெளியேற்றும் டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. என்ற சட்ட வரம்பைத் தொடும் முன்பே டயரை மாற்றுவது நல்லது. எடை குறைப்பதற்காகச் சுமைக் குறியீட்டையும் தாழ்த்தலாகாது. 87 என்ற குறியீடு ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. இவ்வெல்லைகளுக்குள் முதலில் டயரையும், அடுத்துக் கூடாத விட்டத்தையும், இறுதியில் சக்கரத்தின் தயாரிப்பு முறையையும் முடிவு செய்தால், டாக்குரியா பாலத்தின் மூட்டில் ஏறும்போது விழும் அடியை உலோக விளிம்புக்கு முன்பே 107 மி.மீ. உயர ரப்பரும் காற்றும் வாங்கிக்கொள்ளும்.