வரப்போரத்துக் கறுப்புக் கூட்டம்

முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் இருந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் மாதமே முதல் போகத்துக்கு வேலை தொடங்கிவிடும். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். உழுது நீர் தேக்கிய கொஞ்ச நாளில் மடை ஓரத்தில், விரல் ஆழத் தண்ணீரில், கறுப்பாக ஒரு திட்டு நகர்வதைப் பார்க்கலாம். கால் வைத்தால் சிதறும். அசையாமல் நின்றால் மறுபடியும் ஒன்றுகூடும். அவ்வளவும் தேரையின் தலைப்பிரட்டைகள்.

நம் வீட்டு முற்றத்தில் விளக்கடியில் பூச்சி பிடிக்க வந்து உட்காரும் அதே தேரைதான். 1799-இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று இதன் பேரினம் டட்டாஃபிரைனஸ்; ஒடிசாவைச் சேர்ந்த தவளை ஆய்வாளர் சுஷில் குமார் தத்தாவைச் சிறப்பிக்கும் பெயர் அது. தவளைகள் பலவும் முட்டைகளைக் குவியலாகவோ நுரைக்கூட்டிலோ இடும்போது, தேரை கருகமணி மாலைபோல் நீண்ட இரட்டைச் சரமாக இடுகிறது. வழவழப்பான கூழுக்குள் கறுப்பு முட்டைகள், ஆயிரக்கணக்கில், நீர்ச்செடிகளைச் சுற்றிக் கிடக்கும்.

பொரித்து வரும் குஞ்சுக்கு முட்டை வடிவ உடல், மேலே இரு கண்கள், கண்ணாடிபோல் வெளிறிய துடுப்புள்ள வால். வாலோடு சேர்த்தே இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஒரே வயலில் வேறு குஞ்சுகளும் இருக்கும், பிரித்தறிவது கடினமில்லை. மரத்தவளையின் குஞ்சுக்கு மூக்கு நுனியில் வெள்ளிப் புள்ளி உண்டு. சிறுவாய்த் தவளைக் குஞ்சின் உடல் ஊடுருவித் தெரியும். அது நடுநீரில் மிதந்தபடியே நீரை வடிகட்டித் தின்னும். தேரைக் குஞ்சின் வாயோ அடிப்பக்கம் இருக்கிறது. கொம்புப்பொருளாலான சிறு அலகு, மேலே இரண்டு வரிசை, கீழே மூன்று வரிசை நுண்பற்கள். இவற்றால் பாசியையும் மட்கிய இலையையும் சுரண்டித் தின்கிறது. பல தவளைக் குஞ்சுகள் மேலே வந்து காற்றை விழுங்கும். தேரைக் குஞ்சுக்கு உருமாறும் காலம் வரை நுரையீரல் வேலை செய்வதில்லை. செவுளையும் தோலையும் நம்பித்தான் வாழ்கிறது.

என்னை அதிகம் வியக்க வைப்பது அந்தக் கூட்டம்தான். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் சைதாபூரும் கிரீஷும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சில குஞ்சுகளை உடன்பிறப்புகளோடும், சிலவற்றை அந்நியக் குஞ்சுகளும் அருகிருக்கும்படியும், சிலவற்றைத் தன்னந்தனியாகவும் வளர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் வேகவைத்த கீரைதான் தீனி. பிறகு ஒரு நீள்சதுரத் தொட்டியின் ஒரு முனையில் உடன்பிறப்புகளையும் மறுமுனையில் அந்நியர்களையும் அடைத்து, நடுவில் குஞ்சை விட்டார்கள். பெரும்பாலான குஞ்சுகள் உடன்பிறப்புகளின் பக்கமே அதிக நேரம் இருந்தன. பிறந்தது முதல் ஒரு குஞ்சையும் சந்திக்காமல் வளர்ந்தவையும் அப்படியே. அந்நியர்களோடு பழகியதால் அந்தத் திறன் மாறவுமில்லை. ஒரே தீனி தின்றதால் வந்த வாசனை என்றும் சொல்ல முடியாது. ஆக, மடையோரத்தில் கூடும் குஞ்சுகள் ஏதோ ஒதுங்கிய இடத்தில் தற்செயலாகச் சேர்ந்தவை என்று எண்ணிவிடக் கூடாது.

கூடி வாழ்வதில் லாபம் உண்டு. பல வால்கள் சேர்ந்து அடித்தால் அடிமண் கலங்கித் தீனி மேலே வரும். கறுப்பு உடல் வெயிலை வாங்கி வெதுவெதுப்பாகும். எதிரி வந்தால் எல்லோரும் ஒன்றாக மாட்டுவதில்லை. தட்டான் இளம்புழுவோ, பிற குஞ்சுகளைத் தின்னும் பெருந்தவளையின் தலைப்பிரட்டையோ ஒன்றைக் கடித்துவிட்டால், காயத்திலிருந்து கசியும் பொருள் மற்றவற்றை எச்சரிக்கும். அவை அசைவைக் குறைத்துக்கொள்ளும். தேரைக் குலத்துக்கே உரிய நஞ்சு முட்டையிலும் இருக்கிறது. லாவோஸில் தேரையையும் அதன் முட்டையையும் தின்றவர்கள் இறந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். தேரையைத் தொட்டால் மரு வரும் என்பது மட்டும் பொய். மரு வைரஸால் வருவது.

வயல்தண்ணீர் நிலையானதல்ல. முறை வைத்துத் திறப்பார்கள், களையெடுக்க வடிப்பார்கள். நீர் குறையக் குறைய இந்தக் குஞ்சுகள் உருமாற்றத்தை விரைவுபடுத்துகின்றன. விலையாகச் சிறிய உடலோடு கரையேறுகின்றன. உருமாற்றத்தை இயக்குவது தைராய்டு சுரப்பு. 1912-இல் குடெர்நாட்ச் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டை ஊட்ட, அவை உரிய காலத்துக்கு முன்பே குட்டித் தவளைகளாயின. முதலில் பின்னங்கால்கள் முளைக்கும். செவுள் மூடிக்குள் வளர்ந்த முன்னங்கால்கள் பிறகு வெளிவரும். வால் உடலுக்குள்ளேயே கரைந்து தீனியாகும். பாசி செரிக்க நீண்டு சுருண்டிருந்த குடல் குறுகும். இனி எறும்பும் சிற்றுயிர்களும்தான் இரை.

கரையேறும் தேரைக் குட்டி ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். வரப்பு தாண்டினால் பல இடங்களில் பன்னீர் திராட்சைப் பந்தல். திராட்சையின் பூஞ்சை நோய்களுக்கு மயில்துத்தம் கலந்த மருந்து காலங்காலமாக அடிக்கப்படுகிறது. அதிலுள்ள தாமிரம் நீரில் சேர்ந்தால் தலைப்பிரட்டைக்கு நஞ்சு. கரையேறிய பிறகும் தப்பிக்க வழி குறைவு. தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை; ஈரமண்ணில் அடிவயிற்றைப் பதித்துத் தோல் வழியாக உறிஞ்சுகிறது. பந்தலடி ஈரத்தில் கரைந்திருப்பதும் அந்த வழியாகத்தான் உடலுக்குள் போகிறது.