மகப்பேறும் தொழில்முறை விளையாட்டும்

மகப்பேறும் தொழில்முறை விளையாட்டும் என்பது, விளையாட்டைத் தொழிலாகக் கொண்ட பெண்கள் கருவுறுதல், குழந்தை பெறுதல், வளர்த்தல் ஆகியவற்றைத் தம் விளையாட்டு வாழ்வோடு இணைத்து நடத்துவதைக் குறிக்கும். பெரும்பாலான விளையாட்டுகளில் ஒருவர் சிறந்து விளங்கும் அகவையும் மகப்பேற்றுக்கு உகந்த அகவையும் ஒன்றாக அமைவதே இதன் அடிப்படைச் சிக்கலாகும். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்ற நெதர்லாந்தின் ஃபானி பிளாங்கர்ஸ்-கோன் இரு குழந்தைகளின் தாய் ஆவார். எனினும் தாய்மார் களம் திரும்பத் துணைபுரியும் விதிகள் பல 2018-க்குப் பின்னரே உருவாயின.

உடலியல் மாற்றங்கள்

கருவுற்ற காலத்தில் குருதியின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. ரிலாக்சின் முதலிய இயக்குநீர்களால் மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்கின்றன. வயிறு பெரிதாவதால் உடலின் சமநிலை மாறுகிறது. நலமாக உள்ள கருவுற்ற பெண்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபடலாம் என உலக சுகாதார அமைப்பு 2020-இல் பரிந்துரைத்தது. ஆனால் வயிற்றில் அடிபடவோ கீழே விழவோ வாய்ப்புள்ள விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். பேற்றுக்குப் பின் வயிற்றுத் தசைகளும் இடுப்புத்தளத் தசைகளும் வலுப்பெற்ற பிறகே கடும் பயிற்சி தொடங்கப்படுகிறது. ஆகவே களத்தை விட்டு விலகியிருக்கும் காலம் விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும்.

இந்திய வீராங்கனைகள்

சதுரங்க ஆட்டக்காரர் துரோணவல்லி ஹரிகா, 2022-இல் மாமல்லபுரத்தில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடில் நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடினார். இந்திய மகளிர் அணி வெண்கலம் வென்றது. 2024-இல் புடாபெஸ்டில் தங்கம் வென்ற அணியிலும் அவர் இடம்பெற்றார். கொனேரு ஹம்பி 2017-இல் தாயாகி, 2019-இலும் 2024-இலும் உலக விரைவுச் சதுரங்கப் பட்டம் பெற்றார்.

சென்னையைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கல் 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் போட்டியில் இரு தங்கங்கள் வென்றார். குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் 2007-இல் இரட்டையரைப் பெற்று, அடுத்த ஆண்டே உலகப் பட்டத்தைத் தக்கவைத்தார். டென்னிசு வீராங்கனை சானியா மிர்சா, மகன் பிறந்து சுமார் 15 மாதங்களுக்குப் பின், 2020 சனவரியில் ஹோபார்ட் இரட்டையர் பட்டத்துடன் திரும்பினார்.

தரவரிசையும் ஊதியமும்

போட்டிகளில் பங்கேற்காத காலத்தில் தரவரிசை சரிவதால், முன்னணி வீராங்கனையும் திரும்பும்போது தொடக்கச் சுற்றிலேயே வலிய எதிராளியைச் சந்திக்க நேரும். 2017-இல் தாயான செரீனா வில்லியம்சு 2018 பிரெஞ்சு ஓப்பனில் தரநிலை இன்றி ஆடினார். அதன்பின் மகளிர் டென்னிசு சங்கம், பேற்றுக்குப் பின் மூன்று ஆண்டுகள் வரை பழைய தரவரிசையைப் பயன்படுத்த வழிசெய்தது. 2021 முதல் பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பு, தொழில்முறை வீராங்கனைகளுக்குக் குறைந்தது 14 வாரங்கள், மூன்றில் இரு பங்கு ஊதியத்துடன் விடுப்பு அளிப்பதைக் கட்டாயமாக்கியது.

அரசுப் பணியும் விடுப்பும்

இந்தியாவில் தடகளம், கபடி போன்றவற்றில் ஈடுபடும் பலருக்கு நிலையான வருவாய், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் இரயில்வே, காவல்துறைப் பணிகளே. மதுரையைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை ரேவதி வீரமணி, தென்னக இரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் பணியாற்றியபடியே 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். இத்தகைய நடுவண் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பும், பணிக்காலத்தில் மொத்தம் 730 நாள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை 2021-இல் ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டாக உயர்த்தியது.

இவ்விடுப்பு ஊதியத்தைக் காக்கும். அணியில் இடத்தையோ பயிற்சி முகாம் வாய்ப்பையோ காக்காது. பணி கிடைப்பதற்கு முன்பே தாயாகும் வீராங்கனைக்கு ஊதியப் பாதுகாப்பும் இல்லை. அவர் களம் திரும்புவது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரையும் பயிற்சிச் செலவுக்குக் கிடைக்கும் உதவியையுமே பெரிதும் பொறுத்துள்ளது.