இகழப்பட்டோர் ஈந்த சொற்கள்

இங்கிலாந்தின் வட்டார வழக்குகளில் கொச்சையெனக் கருதப்படும் சொற்கள் சில, ரோமானி மொழியிலிருந்து வந்தவை. ஐரோப்பாவெங்கும் நாடோடிகள் என இகழப்பட்ட மக்களின் மொழி அது. அஃது இந்திய மொழிகளோடு உறவுடையது என்பதை ஜெர்மானிய அறிஞர் ரூடிகர் 1782இல் விளக்கினார். உருதுவில் நீரைக் குறிக்கும் ‘பானி’யே ரோமானியிலும் நீராகும்.

தோழனைச் சுட்டும் ‘பேல்’ என்னும் ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியுள்ளது. சகோதரனைக் குறிக்கும் ரோமானியின் ‘ப்ரல்’ அதன் மூலம். அதற்கு மூத்த உறவு வடமொழியின் ‘ப்ராத்ரு’. வடகிழக்கு இங்கிலாந்தார் ஆடவனை ‘காட்ஜி’ என்பர். ரோமானியர் தம்மவரல்லாதாரைச் சுட்டும் ‘காஜோ’வே அவ்வாறு திரிந்தது.

எனினும், ஒலி ஒப்புமை ஒன்றே சான்றாகாது. பொருளும், பதிவான காலமும், மக்கள் கலந்து வாழ்ந்த இடமும் இசைந்து வரவேண்டும். ‘ச்சாவ்’ என்னும் சொல்லை நோக்குவோம். அது சாட்டம் என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கம் என்பாருளர். ஆயின், குழந்தை எனப் பொருள்படும் ரோமானியின் ‘ச்சாவோ’விலிருந்து வந்திருக்கலாம் என்பதே அகராதியாளர் கருத்து. அப்பொருளிலேயே அதன் திரிபு 19ஆம் நூற்றாண்டு ஆங்கில வழக்கில் காணப்படுகிறது. பின்னர் அது ஏழை இளைஞரை இழித்துரைக்கும் வசையாயிற்று. 2004இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை ஆண்டின் சொல்லாகவும் தேர்ந்தது.

இம்மக்களை வெளியேற்ற 1530இலேயே சட்டமியற்றிய நாடு இங்கிலாந்து. அவர்களை விலக்கிய நாவே அவர்தம் சொற்களை ஏற்றுக்கொண்டது. மகவை அழைக்கும் சொல்லை வசையாகவும் மாற்றியது. எனவே, ஒரு சொல்லை இழிவழக்கென ஒதுக்குமுன், அஃது எவர் இல்லத்தில் எப்பொருளில் வழங்கியது என வினவுதல் நம் கடன்.